பழைய தாளும் பழகிய கையும்

காகிதக் கைவேலை செய்கிறவர்கள் வீட்டில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். கல்யாணப் பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த பொன்னச்சுப் பிள்ளையார், ஜவுளிக்கடைப் பையின் கயிறு, சாக்லெட் சுற்றிவந்த ஜிகினாத் தாள், முத்திரை விழுந்த தபால்தலை, ஜரிகைத் துண்டு, தினசரி காலண்டரில் கிழித்த தேதி என்று எல்லாம் அதில் கிடக்கும். தாளோடு துணியும் நூலும் மணியும் சாயமும் கலந்து வாழ்த்து அட்டையோ நினைவு ஆல்பமோ சுவர்ப்படமோ செய்கிறவர்களுக்கு யோசனை பிறப்பது இந்தப் பெட்டியில்தான் என்பது பரவலான நம்பிக்கை. சேர்த்து வை, ஒருநாள் அதுவே உன்னிடம் பேசும் என்பார்கள். இதற்குப் போட்டியாக, பின்ட்ரெஸ்ட் என்ற படப்பகிர்வுத் தளம் 2010-இல் வந்த பிறகு இன்னொரு வழக்கமும் வலுத்திருக்கிறது: அடுத்தவர் செய்து முடித்த வேலைகளின் படங்களைச் சேர்ப்பது.

படம் பார்த்துச் செய்வதை முழுக்க ஒதுக்க முடியாது. எந்த மடிப்பில் அட்டை எழுந்து நிற்கும், எந்தப் பசை துணியில் ஊறிக் கறையாகாது என்பதையெல்லாம் பலரும் அப்படித்தான் கற்கிறார்கள். ஆனால் முடிந்த வேலையின் படம், தான் வந்த வழியைக் காட்டுவதில்லை. தூக்கியெறிந்த துண்டுகளும் ஒத்துவராமல் மாற்றிய நிறங்களும் அதில் இல்லை. இன்னொருவருடைய முடிவு நமக்குத் தொடக்கமாகிவிடுவதால்தான் ஊருக்கு ஊர், தாள்கீற்றைச் சுருட்டி ஒட்டும் க்வில்லிங் வேலையில் ஒரே மயில் தோகை விரிக்கிறது. இதைப் பற்றி இவ்வளவு போதும். பெட்டியின் கதைதான் சிக்கலானது.

பெட்டியின் கட்சிக்காரர்கள் தவறாமல் கூப்பிடும் சாட்சி, இங்கிலாந்தின் மேரி டெலனி. 1772-இல், எழுபத்திரண்டு வயதில், தோழி போர்ட்லண்ட் சீமாட்டியின் பல்ஸ்ட்ரோட் மாளிகையில் தங்கியிருந்தபோது, ஒரு ஜெரேனியப் பூவின் சிவப்பும் மேசைமேல் கிடந்த தாளின் சிவப்பும் ஒன்றாக இருப்பதைக் கண்டார்; கத்தரியை எடுத்து இதழ்களை வெட்டினார்; உள்ளே வந்த சீமாட்டி நிஜப்பூ என்றே நினைத்துவிட்டார் என்பது அந்தக் குடும்பத்தார் சொல்லிவந்த கதை. அடுத்த பத்தாண்டில் கறுப்புப் பின்னணியில் ஒட்டிய 985 காகிதப் பூக்கள் உருவாயின. ஆயிரத்தை எட்ட நினைத்தார். கண்பார்வை மங்கி 1782-இல் நிறுத்தினார். அத்தனையும் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. சில படங்களில் தாளோடு உண்மையான இலையையும் சேர்த்து ஒட்டியிருக்கிறார். கலப்பு ஊடகம் என்ற பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த வேலை நடந்திருக்கிறது.

தற்செயலாகக் கண்ணில் பட்ட தாள், உடனே பிறந்த கலை: கதையைச் சொல்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அந்த எழுபத்திரண்டு ஆண்டுகளில் அந்தக் கை என்ன செய்துகொண்டிருந்தது? டெலனி தேர்ந்த பூத்தையல்காரர். அரசவைக்கு அணிந்துபோக அவர் வடிவமைத்த ஆடையில் கறுப்பு சாட்டின் துணிமேல் நிறநிறமான பூக்கள் தைக்கப்பட்டிருந்தன. கறுப்பின்மேல் பூ பளிச்சென்று எழும் என்பதை ஊசி அவருக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தது. சிப்பி அலங்காரம், நிழலுருவம் வெட்டுவது என்று மற்ற வேலைகளும் தெரியும். தாவரவியலும் தெரியும், லின்னேயஸ் வகைப்பாட்டின்படி கேசரங்களை எண்ணி, நிஜச்செடியை முன்னால் வைத்துக்கொண்டுதான் வெட்டினார். கியூ தோட்டத்திலிருந்து அவருக்குச் செடிகள் வந்தன. அவர் செய்த, பேஷன்ஃப்ளவர் என்ற ஒரு கொடிப்பூவில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட துண்டுகள் இருக்கின்றன. இத்தனையும் கைவசம் இருந்த ஒருவர் கண்ணில்தான் அந்தச் சிவப்புத் தாள் பட்டது. அதே தாள் அந்த மாளிகையில் வேறு எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும்!

தாள் தானாக எதையும் தூண்டுவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கைக்கு ஏற்கெனவே பழகிய வேறொரு தொழிலைத் தாள் எழுப்பிவிடுகிறது. நாம் யோசனை என்று சொல்வது அந்த விழிப்பைத்தான். நவீன ஓவியத்தின் தொடக்கக் கதை ஒன்றையும் இப்படிப் படிக்கலாம். 1912 செப்டம்பரில் பிரெஞ்சு ஓவியர் ழார்ழ் பிராக், அவிஞ்ஞோனில் ஒரு கடையின் முன் நின்றார். மரத்தின் ரேகையைப் போல அச்சிட்ட சுவர்த்தாள் அங்கே இருந்தது. அதை வாங்கி வெட்டி, கரிக்கோட்டுச் சித்திரத்தில் ஒட்டினார்; ஓவியத்தில் காகிதம் ஒட்டும் முறை அதிலிருந்து கிளம்பியது; பிக்காசோ உடனே பற்றிக்கொண்டார். பிராக்கின் அப்பா வீடுகளுக்குச் சாயம் பூசி அலங்கரிப்பவர். மகனும் இளமையில் அதே தொழிலைப் பயின்றவர், சீப்பைச் சாயத்தில் இழுத்துப் பொய் மரரேகை வரைவது உட்பட. கையால் செய்யக் கற்ற ஏமாற்றுவேலையை ஓர் இயந்திரம் கஜக்கணக்கில் அச்சிட்டு விற்பதைக் கண்டவருக்கு வந்த யோசனை அது.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம், காரைக்குடிக்குப் போனால் போதும். செட்டிநாட்டு வீடுகளிலும் அங்குள்ள பழம்பொருள் கடைகளிலும் துணி உடுத்திய ரவி வர்மா படங்களைப் பார்க்கலாம். ரவி வர்மாவின் அச்சகம் 1894-இல் பம்பாயில் தொடங்கி, பிறகு லோனாவலா பக்கம் இடம் மாறியது. அங்கே அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் நாடெங்கும் போனார்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் போகும் முன் அந்தத் தாள்களில் பலவற்றுக்கு ஓர் அலங்காரம் நடந்தது. சேலையின் இடத்தில் நிஜத் துணி ஒட்டினார்கள். கரையில் ஜரிகை ஓடியது. நகை இருந்த இடத்தில் சமிக்கியும் மணியும் ஏறின. முகமும் கையும் பாதமும் அச்சுத் தாளாகவே இருக்கும். வீட்டுப் பெண்கள் பொறுமையாக உட்கார்ந்து செய்த இந்த வேலை செட்டிநாட்டுக்கு மட்டும் உரியதல்ல, நாட்டின் வேறு பகுதிகளிலும் நடந்ததுதான். ஆனால் இங்கே எஞ்சியிருப்பவை அதிகம், கைநேர்த்தியும் அதிகம்.

இந்தப் படங்களைக் கலை விமர்சகர்கள் வெகுகாலம் பொருட்படுத்தவில்லை. எனக்கு இவை திறனாய்வாகவே தோன்றுகின்றன. ரவி வர்மாவின் தனிவலிமைகளில் ஒன்று, எண்ணெய் வண்ணத்தில் பட்டின் மினுக்கத்தைக் கொண்டுவருவது. கல்லச்சில் அந்த மினுக்கம் பாதி செத்துப்போனது. அந்தப் பெண்கள் துணி போர்த்தியது சரியாக அந்த இடத்தில்தான். அச்சு பறிகொடுத்ததை ஜரிகை மீட்டுக் கொடுத்தது. ஆயிரக்கணக்கில் ஒன்றுபோல வந்த தாள் இந்த வீட்டின் லட்சுமி ஆனது. தாளைத் தவிர அவர்கள் கைக்குப் பழகியிருந்தது தையலும் மணிவேலையும். கண்ணுக்குப் பழகியிருந்தது கோயிலில் உற்சவருக்குக் கொசுவம் வைத்துப் பட்டு சாத்தும் முறை. தஞ்சாவூர் ஓவியத்தின் பொன்தகடும் கல்பதிப்பும் எட்டாத தொலைவில் இல்லை. யோசனை வேறெங்கிருந்து வந்திருக்கும்?

குறையும் அதே படத்தில் இருக்கிறது. எவ்வளவு துணிந்த கையும் முகத்தைத் தொடவில்லை. தெய்வத்தின் முகத்தில் கத்தரி வைக்க மனம் வராது, அது புரிகிறது. ஆனால் பின்னணியின் குளமும் மயிலும் பாறையும்கூடப் பெரும்பாலும் அப்படியே விடப்பட்டன. சுதந்திரம் சேலைக்கரையோடு நின்றுவிட்டது. நிற்கும் இடம், பார்க்கும் திசை, படத்தின் அமைப்பு எல்லாமே ரவி வர்மா முடிவு செய்தவை. இன்று கடையில் விற்கிற ‘நீங்களே செய்யுங்கள்’ கிட்டுகளில் எஞ்சியிருப்பது இந்தக் கரைச்சுதந்திரத்திலும் சிறியது. எங்கே எதை ஒட்ட வேண்டும் என்று எண் போட்டே கொடுத்துவிடுகிறார்கள்.

சேகரிப்பிலிருந்தே எல்லாம் பிறக்கும் என்பதற்கு வலுவான சாட்சி ஜெர்மன் ஓவியர் கூர்ட் ஷ்விட்டர்ஸ். என் வாதத்துக்கு இடைஞ்சலான சாட்சியும் அவர்தான். முதல் உலகப்போருக்குப் பிந்திய ஹானோவரில் தெருவில் கிடந்த டிராம் டிக்கெட், உறை, விளம்பரத் துண்டு, கம்பி, மரச்சில் என்று பொறுக்கி ஒட்டிக்கொண்டே போனார். நாஜிகள் 1937-இல் அவர் படைப்புகளை ‘சீரழிந்த கலை’ கண்காட்சியில் இழிவுக்கு வைத்தார்கள். அந்த ஆண்டு நார்வேக்கும், 1940-இல் அங்கிருந்து பிரிட்டனுக்கும் தப்பினார். ஐல் ஆஃப் மேன் தீவு முகாமில் அடைக்கப்பட்டார். 1948-இல் இங்கிலாந்திலேயே இறந்தார். சேர்த்ததெல்லாம் பின்னால் தங்கிவிட்டது. ஆனால் வேலை நிற்கவில்லை. நாடு மாறியதும் குப்பை மாறியது. ஆங்கில மிட்டாய் உறையும் பஸ் டிக்கெட்டும் அமெரிக்கச் சித்திரக்கதையின் பக்கமும் ஒட்டுப்படங்களுக்குள் வந்தன. வேறு கைத்தொழிலின் துணை இல்லாமல் தெருவே அவருக்கு யோசனை கொடுத்தது என்று ஒருவர் வாதிடலாம். எனக்கு அது முழுக்க ஒப்புதல் இல்லை. கலைப்பள்ளியில் முறையாக ஓவியம் பயின்றவர் அவர், போர்க்காலத்தில் ஓர் இரும்பு ஆலையில் இயந்திர வரைபடம் வரைந்தவர். கோணமும் சக்கரமும் அவர் ஒட்டுப்படங்களில் சும்மா வரவில்லை. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெட்டியை இழந்தவருக்குப் பெட்டி தேவைப்படவில்லை. பொறுக்கும் பழக்கம் மட்டும் தேவைப்பட்டது. நம் ஊரில் பலரிடம் இது நேர்மாறாக இருக்கிறது. பெட்டி நிரம்பி இரண்டாவது பெட்டி வந்துவிட்டது, பொறுக்கி எடுத்த தாளோ வந்த நாளிலிருந்து வெளிச்சம் பார்க்கவில்லை. சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் அட்டை வகைகளைப் பார்த்துக்கொண்டே நடக்கும் பத்து நிமிடத்தில் வருகிற வேகம், வாங்கி வீட்டில் வைத்ததும் வடிந்துவிடுவது ஏன் என்று அடிக்கடி யோசித்திருக்கிறேன். வாங்குவதே செய்ததுபோன்ற நிறைவைத் தந்துவிடுகிறது.

இன்னொரு சங்கடம் வேதியியல் சார்ந்தது. பழையது என்றால் உறுதியானது என்ற எண்ணம் தாளின் விஷயத்தில் செல்லாது. டெலனியின் தாள் கந்தல்துணிக் கூழில் செய்தது. இரண்டரை நூற்றாண்டு தாண்டியும் நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் மரக்கூழ் வந்த பிறகு, மலிவான தாளில் தங்கிய லிக்னின் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறுகிறது, அமிலம் நாரை நொறுக்குகிறது. பிக்காசோ ஒட்டிய செய்தித்தாள்கள் இன்று அவர் பார்த்த நிறத்தில் இல்லை. 1970-களின் வாரப்பத்திரிகைப் பக்கத்தை ஆல்பத்தில் ஒட்டுகிறவர், பெட்டியிலேயே பலவீனமான தாளுக்கு முதலிடம் கொடுக்கிறார். இன்றைய பஸ் டிக்கெட்டும் கடை ரசீதும் இன்னும் மோசம். வெப்ப அச்சு என்பதால் சில ஆண்டுகளில் எழுத்தே மறைந்து வெற்றுத்தாள் மிஞ்சும். மைதாப் பசை போட்டால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. இதற்கெல்லாம் விடை இருக்கிறது. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தின் தாள் தொழிற்கூடத்திலும் வேறு சில இடங்களிலும் பருத்தித் துணுக்கிலிருந்து கையால் செய்யும் தாள் கிடைக்கிறது. அதை அடித்தளமாக வைத்துக்கொண்டு பலவீனமான துண்டை மேலே ஒட்டலாம். அந்தத் தாளின் சொரசொரப்பே சிலசமயம் வேலையின் போக்கை மாற்றிவிடும். வழவழப்பான அட்டையில் சறுக்கும் கத்தி அதில் நாரைப் பிடித்து நின்றுவிடும். கிழிப்பதே அழகு என்று கை கண்டுகொள்ளும்.

பழமையின் மேலுள்ள இந்த மோகத்தால் இன்னொரு வியாபாரமும் நடக்கிறது. தேநீர்க் கறை படிந்ததுபோல, ஓரம் எரிந்ததுபோல, யாரோ எழுதிய கடிதம்போல அச்சிட்ட தாள்கள் கட்டுக்கட்டாக விற்பனைக்கு வருகின்றன. யாரும் எழுதாத கடிதத்தைப் பார்த்து நெகிழ்வதற்கு வெட்கப்பட வேண்டும். பிராக் ஒட்டியதும் போலி மரந்தானே என்று கேட்கலாம். அவர் அதைப் போலி என்று தெரியும்படி ஒட்டினார், வேடிக்கையே அதில்தான். இந்தத் தாள்களோ தம்மை நம்பச் சொல்கின்றன.

உண்மையான கடிதம் கிடைத்தால் மட்டும் பிரச்சினை தீர்ந்ததா? பழைய பேப்பர் கடையில் எடைக்கு வரும் கட்டுகளில் அடுத்தவர் குடும்பத்தின் இன்லண்ட் லெட்டர், ஜாதக நகல், மதிப்பெண் பட்டியல் எல்லாம் இருக்கும். எழுத்து அழகாக இருக்கிறது என்று வெட்டி ஒட்டும்போது அதில் கடன் கேட்டுக் கெஞ்சிய வரி இருக்கலாம். சொந்தப் பாட்டியின் கணக்கு நோட்டு என்றாலும் வெட்டிய பக்கம் திரும்ப வராது. கையெழுத்தில் உள்ளதை நகலெடுத்து ஒட்டுவது, அச்சில் வந்ததை அசலாகவே ஒட்டுவது என்று பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. நகலில் மைக் கசிவின் மேடுபள்ளம் போய்விடும், அது நஷ்டந்தான். நோட்டின் நகலைக் கைத்தாளில் எடுத்தால் அந்த நஷ்டம் பாதி குறையும். அதே நோட்டைத் தைத்திருந்த நூலின் நிறத்தில் நூல் வாங்கி ஓரத்தில் ஓட்டினால் இன்னும் கொஞ்சம் குறையும். நோட்டை முழுசாகப் பெட்டியில் திருப்பி வைத்துவிடலாம்.