பயத்தை நிறுக்கும் தராசு

செய்யாறு, ஆரணி வட்டாரத்தில் நெசவாளிக்குப் பட்டு நூலை நிறுத்துக் கொடுப்பார்கள். நெய்த சேலையையும் நிறுத்தே வாங்குவார்கள். இரண்டு தடவையும் தராசு ஒன்றாக இல்லாவிட்டால் யாரோ ஒருவர் வயிற்றில் அடி விழும்.

பிள்ளைகளின் கணக்குப் பயத்தை நிறுக்கவும் மேல்நாட்டார் தராசு செய்திருக்கிறார்கள். 1972-ல் ரிச்சர்ட்சன், சுயின் என்ற இரு அமெரிக்கர்கள் 98 கேள்விகள் கொண்ட வினாத்தாளை வெளியிட்டார்கள். 2003-ல் ஹாப்கோவும் அவருடைய சகாக்களும் ஒன்பதே கேள்விகளில் இன்னொன்றைத் தந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்துவரை எண் போட வேண்டும். பாரசீகம், இத்தாலியம், போலிஷ் மொழிகளுக்கெல்லாம் அது போய்விட்டது.

மொழிபெயர்ப்பின் அவஸ்தை கதை எழுதுகிறவனுக்குத் தெரியும். அந்த ஒன்பதில் ஒன்று, புத்தகத்தின் பின்னால் உள்ள அட்டவணைகளைப் பார்த்துக் கணக்குப் போடுவது பற்றியது. அதை ‘வாய்ப்பாடு’ என்று தமிழாக்கிவிட்டால் தீர்ந்தது! பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு வாங்கிய பிரம்படிதான் பையனுக்கு ஞாபகம் வரும். எண்களும் அப்படியே. நம்மவரில் உடம்பு முடியாமல் கிடப்பவர்கூட, ‘ஏதோ இருக்கிறேன்’ என்பார். அவர் போடும் மூன்றும் அமெரிக்கர் போடும் மூன்றும் ஒரே மூன்றா?

2012-ல் ‘பீஸா’ என்ற சர்வதேசத் தேர்வில் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் இந்தப் பயத்தைப் பற்றியும் கேட்டார்கள். கணக்கில் முன்வரிசையில் நின்ற ஜப்பானும் கொரியாவும் பயத்திலும் மேலே நின்றன. ஆனால் பொதுவாக ஒரே தேசத்துக்குள் பார்த்தால், பயம் கூடியவர்களுக்கு மதிப்பெண் குறைவு. ஜப்பானியப் பிள்ளைக்கு நிஜமாகவே பயம் அதிகமா, அல்லது ‘எனக்குப் பயமில்லை’ என்று சொல்லிக்கொள்வது அங்கே அழகில்லையா? சராசரி எண் இதற்குப் பதில் சொல்லாது. சம அளவு பயமுள்ள இருவர், எந்தத் தேசத்தவரானாலும், ஒரே எண்ணைப் போடுகிறார்களா என்று முதலில் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறாத வினாத்தாளை வைத்துத் தேசங்களை வரிசைப்படுத்துவது நியாயமல்ல.

இந்தியா அந்த ஆண்டுத் தேர்வில் சேரவில்லை. 2009 தேர்வின் தொடர்ச்சியில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் சேர்ந்து, கடைசி வரிசையில் நின்றன. நாளை பயத்துக்கும் நம்மைப் பட்டியலில் சேர்த்தால், இழைக் கணக்கு நடக்கும் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குக் கோழை என்று முத்திரை விழலாம். உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டு ‘பரவாயில்லை’ என்று எழுதியவளுக்குத் தைரியசாலி என்ற பட்டம் கிடைக்கலாம். முதலாவது அவமானம். இரண்டாவது அதைவிடக் கொடுமை. உதவி வேண்டியவளுக்கு அது வராமலே போகும்.

வினாத்தாளே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. எண் போடச் சொல்லுமுன், ‘இந்தக் கேள்வியை நீ என்னவென்று புரிந்துகொண்டாய்?’ என்று நம் பிள்ளைகளை அவர்கள் வார்த்தையிலேயே சொல்லச் சொல்லுங்கள்.