1960-ஆம் ஆண்டுப் படங்களும் எல்லைத் தமிழரும்

சினிமாவை நடிகர் வாரியாகவும் பாட்டு வாரியாகவும் எழுதுவது நம்மவர் வழக்கம். ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தால் வேறொரு கணக்குத் தெரிகிறது. நான் எடுத்துக்கொண்டது 1960. நான் பிறந்த ஆண்டு என்பது சின்னக் காரணம். ஆந்திர–சென்னை மாநில எல்லை மாற்றம் அந்த ஏப்ரல் 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது என்பதே பெரிய காரணம். ம.பொ.சி. முதலியோரின் வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகத் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. புத்தூரும் எங்கள் நாராயணவனமும் ஆந்திரத்தில் நின்றுவிட்டன.

அந்த ஜனவரியில் வெளிவந்தது பி.புல்லய்யாவின் தெலுங்குப் படம் 'ஸ்ரீ வேங்கடேஸ்வர மஹாத்மியம்'. என்.டி.ராமராவ் சீனிவாசன், சாவித்திரி பத்மாவதி. ஆகாசராஜன் மகள் பத்மாவதிக்குக் கல்யாணம் நடந்த ஊர் எங்கள் ஊர் என்பது தலபுராணம். நான் சமணன், பக்திக்காக அல்ல, ஊருக்காகவே பின்னாளில் இந்தப் படத்தைப் பார்த்தேன். இதே கதையைப் புல்லய்யா 1939-லும் எடுத்தார். அதில் பத்மாவதியாக நடித்த அவர் மனைவி சாந்தகுமாரி, 1960-ல் வளர்ப்புத் தாய் வகுளாதேவி. மணப்பெண் தாயாகிவிட்டார்! படத்தின் உயிரே அந்தத் தாய்ப்பாசம்தான்.

குறையும் உண்டு. படத்தின் நாராயணவனம் வெறும் அரண்மனை செட்டு. எங்கள் ஊரோ நெசவாளர் ஊர். புராணப் படத்தில் தறி எதற்கு என்பீர்கள். கல்யாணப் புடவையை யார் நெய்தார்களாம்? ஆகாசராஜனின் தம்பி தொண்டைமான் என்கிறது தலபுராணம். கதைக்குள்ளேயே தொண்டைமண்டலம் இருக்கிறது என்பதைப் படம் பார்க்கிறவர் உணர வழியில்லை.

அதே சாவித்திரி ஆகஸ்டில் ஏவி.எம்.மின் 'களத்தூர் கண்ணம்மா'வாக வந்தார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அம்மையார் தமிழ்க் குடியானவன் மகளாக நம் கண்ணில் நீர் வரவழைத்தார். படத்தைத் தொடங்கியவர் டி.பிரகாஷ் ராவ், முடித்தவர் பீம்சிங். தாயும் தகப்பனும் உயிரோடு இருக்க, பிள்ளை அனாதை விடுதியில் வளர்கிறான். குழந்தை கமல்ஹாசன் அதில் நடிக்கவில்லை, வாழ்ந்தான் என்றே சொல்லலாம். பிற்பாதியில் தற்செயல்கள் கூடிப்போனாலும் பிள்ளையின் ஏக்கம் படத்தைத் தூக்கி நிறுத்துகிறது.

மூன்றாவது 'பாதை தெரியுது பார்'. தொழிலாளர் வாழ்க்கையைச் சொன்ன படம். எம்.பி.சீனிவாசன் இசை, ஜெயகாந்தனும் பாட்டு எழுதினார். அவர் பாட்டைப் பாடிய பி.பி.ஸ்ரீனிவாஸ், எஸ்.ஜானகி இருவரும் ஆந்திரத்தில் பிறந்தவர்கள். இயக்குநர் நிமாய் கோஷ் வங்காளி. தேசப் பிரிவினையில் வேரறுந்த குடும்பங்களைப் பற்றி 1950-ல் 'சின்னமூல்' எடுத்தவர் அவர். கோடு கிழித்தால் குடும்பம் என்ன பாடுபடும் என்று தெரிந்த அந்த மனிதர், நம் கோடு கிழிபட்ட ஆண்டில் சென்னையில்தான் இருந்தார். ஆனாலும் நம் கதை அவர் கண்ணில் படவில்லை.

என் கருத்து இதுதான். 1960-ல் கலைஞர்களுக்கு எல்லை இல்லை. நடிப்பும் குரலும் இரண்டு பக்கமும் போய்வந்தன. கதைகளில்தான் எல்லை இருந்தது. தெலுங்குப் படத்தில் தமிழன் இல்லை, தமிழ்ப் படத்தில் எல்லையோரத்தான் இல்லை. எங்க பக்கம் ரத்தம் சிந்தவில்லை, வாஸ்தவம். ஆனால் பிள்ளைகள் தெலுங்கில் படித்தார்கள். தமிழ் வீட்டுப் பேச்சாகவும் கொட்டகை வசனமாகவும் சுருங்கியது. களத்தூர்ப் பிள்ளை மாதிரி, பெற்றவர்கள் இருந்தும் எழுத்துக்கு அனாதை ஆனோம். சினிமா காதுத் தமிழைக் காப்பாற்றிக் கொடுத்தது. அந்த நன்றியை மறக்கக் கூடாது. கண்ணுக்குத் தமிழைக் கொடுக்க அதனால் முடியாது.

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கும் இதே நிலைதான். பிள்ளைகள் படம் பார்க்கிறார்கள், பாட்டு முணுமுணுக்கிறார்கள். இந்த மலரைக் கையில் கொடுத்தால் படம் மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். 'களத்தூர் கண்ணம்மா'வைக் குடும்பத்தோடு ஒருமுறை போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் தமிழில் வரும் பெயர்களை ஓடவிட்டுத் தள்ளாமல், நிறுத்தி நிறுத்திப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். அரிச்சுவடியை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.