பேச்சுரிமையும் தடுப்புரிமையும்

காந்திகிராமத்தை அடுத்து நாம் ஆசிரியராய்ப் பணியாற்றும் பள்ளியிலே ஒரு மாலை, மாணவர் மன்றம் கூடிற்று. மன்றத் தலைமைக்கு மாணவியரும் போட்டியிடலாம் என்பது தீர்மானம். கை தூக்கச் சொன்னால் வெற்றி உறுதி. அதை அறிந்த மாணவன் ஒருவன் எழுந்தான். பேசினான், பேசினான், பள்ளி மணி அடிக்கும் வரை பேசினான்! தீர்மானம் தோற்கவில்லை, வாக்குக்கே வரவில்லை. கேட்டால், “பேச்சுரிமை வேண்டும் என்று கற்பித்தவர் தாங்கள்தானே, ஐயா?” என்றான். சிரித்தோம், பிறகு சிந்தித்தோம்.

அச்சிறுவன் விளையாட்டாய்ச் செய்ததை, அமெரிக்க செனட் சபையிலே நரைத்த தலையினர் வினையாகவே செய்தனர். ‘ஃபிலிபஸ்டர்’ என்பது அதற்குப் பெயர். கறுப்பின மக்களைக் கும்பல் கூடிக் கொல்லும் கொடுமையைத் தடுக்க 1922ல் கீழவை நிறைவேற்றிய மசோதா, செனட்டிலே இந்த ஆயுதத்தால் சாய்ந்தது. அக்கொடுமைக்கெதிராக நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது எப்போது? 2022ல்! நூறு ஆண்டுகள்! 1964ல் சம உரிமை மசோதாவை அறுபது வேலைநாட்கள் மறித்தனர். 71 பேர் திரண்டு பேச்சை முடித்த பின்னரே அது பிழைத்தது.

இம்முறையை ஒழிக்கலாமா என்று அங்கே வழக்கு நடக்கிறது. ஒழிக்கலாகாது என்போர், “இது சிறுபான்மையின் கேடயம்” என்கின்றனர். எந்தச் சிறுபான்மை என்று கேட்கிறோம். அடிபட்டவனின் கையிலா இருந்தது அந்தக் கேடயம்? அடித்தவனின் கையிலன்றோ!

அமெரிக்காவின் கதை நமக்கேன் என்பீர்களோ? நம் வீட்டிலும் நடந்ததே! காந்திகிராமம் பிறந்த அதே 1947ல், ஏப்ரல் 11ஆம் நாள், இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா அவைக்கு வந்தது. பெண்ணுக்குச் சொத்துரிமை, மணவிலக்கு உரிமை, ஒருவனுக்கு ஒருத்தி என்னும் ஒழுங்கு ஆகியவற்றைத் தர முனைந்த மசோதா அது. நான்கு ஆண்டுகள் இழுத்தனர். 1951 செப்டம்பரில் விதி விதியாய் விவாதம் தொடர்ந்தது; பழமைவாதிகளின் பேச்சு நீண்டது; நான்கே விதிகள் நிறைவேறிய நிலையில் மசோதா கைவிடப்பட்டது. மனம் கசந்த அம்பேத்கர் பதவி துறந்தார்.

விலகியபோது அவர் வைத்த குறை கவனிக்கத்தக்கது. இப்படி வாக்களி என்று உறுப்பினருக்கு ஆணையிடக் கோரவில்லை அவர். பேச்சுக்கு நேர வரம்பு வேண்டும், போதிய விவாதத்துக்குப் பின் முடிப்புத் தீர்மானம் வேண்டும் என்றே எதிர்பார்த்தார். அது கிடைக்கவில்லை. 1955லும் 1956லும் அம்மசோதா துண்டு துண்டாய்ச் சட்டமாகும் வரை பெண்ணினம் காத்திருந்தது. பேசியவர் எவரும் காத்திருக்கவில்லை; பேச இடமே இல்லாதவர்தாம் காத்திருந்தனர்!

அப்படியானால் பெரும்பான்மை வாய்ப்பூட்டுப் போடலாமா? கூடாது, கூடவே கூடாது! 2023 மார்ச் 23 அன்று, கூச்சலுக்கிடையே, சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவை மக்களவை விவாதமின்றியே நிறைவேற்றியது. பேசிப் பேசிக் கொல்வது ஒரு கொடுமை என்றால், பேசவிடாது கொல்வது மற்றொரு கொடுமை.

சிறுபான்மைக்கு உரியது, தன் கருத்தைச் சொல்லி நாட்டைத் தன் பக்கம் திருப்பும் வாய்ப்பு. 1957ல் சென்னைச் சட்டமன்றத்தில் திராவிட முன்னேற்றக் கழகத்தார் பதினைந்தே பேர். வாக்கெடுப்பைத் தடுத்தா அவர்கள் வளர்ந்தனர்? வாதிட்டனர், மக்கள் கேட்டனர், பத்தே ஆண்டில் ஆட்சி கைக்கு வந்தது. அந்த ஆட்சிதான் 1967ல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பளித்தது. எந்த இந்துத் திருமணச் சட்டம் ஒருகாலத்தில் பேச்சிலே புதைக்கப்பட்டதோ, அதே சட்டத்திலே திருத்தம்!

ஆகவே, பேசும் உரிமை வேறு; முடிவைத் தடுக்கும் உரிமை வேறு. முன்னது மனிதனுக்கு உரியது. பின்னது ஆதிக்கத்துக்குத் துணை நிற்பது.

மறுவாரம் மன்றம் மீண்டும் கூடிற்று. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றோம். அந்த மாணவனையே முதலில் பேச அழைத்தோம். நன்றாகவே பேசினான். பின் மாணவியர் பேசினர். வாக்கெடுப்பில் அவன் எதிர்த்தே கை தூக்கினான், தீர்மானம் நிறைவேறிற்று. அவன் உரிமையில் அணுவளவும் குறையவில்லை. தோழர்களே, குறைந்தது எது? காத்திருந்தோரின் காத்திருப்பு!