பக்தாத் புகையிரதப் பாதையும் ஏகாதிபத்தியப் போட்டியும்: இரு நூல்கள் பற்றிய ஒரு மறுநோக்கு

முதலாவது உலகப் போரின் காரணங்களைக் கூறப்புகும் பாடநூல்கள் பலவற்றில் பக்தாத் புகையிரதப் பாதை ஒரு தனித் தலைப்பாகவே இடம்பெறுகின்றது. பேர்லினையும் பாரசீக வளைகுடாவையும் இணைக்கவிருந்த இருப்புப் பாதை பிரித்தானியாவின் இந்தியப் பேரரசை அச்சுறுத்திற்று. அதனாற் பகை வளர்ந்தது. பகை போராக வெடித்தது என்ற மூன்று படிகளில் விளக்கம் முடிந்துவிடும். பரீட்சைக்கு வசதியான விளக்கமே. ஆயின், ஆண்டுகளை வரிசைப்படுத்தி நோக்குமிடத்து அது நிலைபெறமாட்டாது. 1910 நவம்பரிற் பொற்ஸ்டாமில் தொடங்கிய பேச்சுக்களின் பயனாக, 1911 ஓகஸ்டில் ருஷ்யா இப்பாதை மீதான தன் எதிர்ப்பைக் கைவிட்டது. பிரெஞ்சு நிதிக்குழுவினர் 1914 பெப்ரவரியில் ஜேர்மானியருடன் உடன்பாடு கண்டனர். பிரித்தானியாவும் ஜேர்மனியும் 1914 ஜூன் 15 இல் ஒப்பந்த வரைவுக்குச் சுருக்கொப்பமிட்டன. சரயேவோவில் இளவரசர் சுடப்பட்டது அதற்குப் பதின்மூன்று நாட்களின் பின்னராகும். எனவே, போர் மூண்டபோது இப்பாதையைப் பொறுத்துத் தீராத பெரும் பிணக்கு எதுவும் வல்லரசுகளிடையே எஞ்சியிருக்கவில்லை.

இதனைக் கண்ட சிலர் மறு எல்லைக்குச் சென்று, பாதைப் பிணக்கு தீர்ந்துவிட்டமையால் ஏகாதிபத்தியம் பற்றிய பேச்சே மிகையானது என வாதிப்பதுண்டு. இவ்விரு சாராரும் ஒரே தவற்றையே இழைக்கின்றனர். ஏகாதிபத்தியம் என்பதை வல்லரசுகள் தமக்குள் இடும் சண்டையாக மாத்திரம் அவர்கள் விளங்கிக்கொள்கின்றனர். யார் யாருடன் பகைத்தனர் என்ற வினாவோடு, பாதைக்குப் பணம் கொடுத்தவர் யார் என்ற வினாவையும் எழுப்புமிடத்தே விடயம் வேறு தோற்றம் பெறுகின்றது. இவ்வகையில் இரு நூல்கள் மீள்வாசிப்புக்கு உரியன. ஒன்று, ரோசா லக்சம்பேர்க் 1913 இல் வெளியிட்ட ‘மூலதனத் திரட்சி’. மற்றையது, அமெரிக்க வரலாற்றாசிரியர் எட்வேர்ட் மீட் ஏர்ல் 1923 இல் வெளியிட்ட, துருக்கியும் வல்லரசுகளும் பக்தாத் பாதையும் பற்றிய ஆய்வு. முன்னையது போருக்குச் சற்று முன்னரும் பின்னையது போரின் அழிவுகளிடையேயும் எழுதப்பட்டவை.

நூல்களை மதிப்பிடுமுன் பாதையின் நிதி அமைப்பை அறிதல் வேண்டும். 1888 அக்டோபரில் டொய்ச்ச வங்கியின் தலைமையிலான குழு, ஹைதர்பாஷாவிலிருந்து இஸ்மித் வரை முன்னரே இருந்த பாதையையும், அதனை அங்காரா வரை நீடிக்கும் உரிமையையும் பெற்றது. 1892 இன் இறுதியில் தண்டவாளம் அங்காராவை அடைந்தது. 1896 இற் கொன்யாவை அடைந்தது. அங்காராப் பாதையின் மொத்த வருமானம் ஆண்டொன்றுக்குக் கிலோமீற்றருக்கு 15,000 பிராங்கிற் குறையுமாயின், குறையும் தொகையை ஒட்டோமன் அரசு ஈடுசெய்தல் வேண்டும். இதுவே கிலோமீற்றர் உத்தரவாதம் எனப்பட்டது. வண்டியிற் சரக்கு ஏறினாலும் ஏறாவிட்டாலும் கம்பனிக்கு நட்டமில்லை. இந்த ஏற்பாட்டை ஜேர்மானியரின் கண்டுபிடிப்பு எனக் கருதுதல் பொருந்தாது. 1849 இலேயே கிழக்கிந்தியக் கம்பனி இந்தியாவின் புகையிரதக் கம்பனிகளுக்கு ஐந்து வீத ஆதாயத்தை உத்தரவாதம் செய்திருந்தது; அதன் சுமை இந்திய வரியிறுப்பாளரின் தோளில் ஏற்றப்பட்டது.

1903 மார்ச் 5 இற் கைச்சாத்தான பக்தாத் உடன்படிக்கை இம்முறையை மேலும் செம்மைப்படுத்திற்று. 99 ஆண்டுச் சலுகை உரிமை. பாதை அமைப்பதற்கெனக் கிலோமீற்றருக்கு ஆண்டுதோறும் 11,000 பிராங். ஓட்டச் செலவிற்கென 4,500 பிராங். கொன்யாவிலிருந்து புல்குர்லு வரையான முதல் 200 கிலோமீற்றருக்கு அரசு 54 மில்லியன் பிராங் பெறுமதியான நான்கு வீதக் கடன்பத்திரங்களைக் கம்பனியிடம் ஒப்படைத்தது. கணக்கு எளியது. 54 மில்லியனுக்கு நான்கு வீத வட்டி 21 இலட்சத்து 60 ஆயிரம். 200 கிலோமீற்றருக்கு 11,000 வீதம் 22 இலட்சம். அரசு ஆண்டுதோறும் செலுத்திய தொகை வட்டிக்கும் சிறிதளவு முதல் கழிவுக்கும் சரியாயிற்று. கம்பனி தன் கையிலிருந்து இட்ட முதல் சொற்பமே. 1904 அக்டோபரில் திறக்கப்பட்ட அப்பகுதி சமவெளியில் அமைந்தது. மலையும் சுரங்கமும் அதற்கப்பாலேதான் தொடங்கின. செலவு குறைந்த நிலத்திற் கிலோமீற்றர்க் கணக்கிற் பணம் பெறுவதன் இலாபத்தை விளக்கவேண்டியதில்லை.

இப்பணம் எங்கிருந்து வந்தது என்ற இடத்திலேயே லக்சம்பேர்க்கின் நூல் துணைபுரிகின்றது. உத்தரவாதத்திற்குப் பிணையாகக் கொன்யா, அலெப்போ முதலிய மாகாணங்களின் தசமபாக வரி ஒதுக்கப்பட்டது. பெயரளவிற் பத்திலொரு பங்காயினும், மேலதிகச் சேர்க்கைகளினால் அது விளைச்சலின் எட்டிலொரு பங்களவிற்கு உயர்ந்திருந்தது. அவ்வாறு ஒதுக்கப்பட்ட வருமானம் 1881 டிசம்பர் ஆணையினால் நிறுவப்பட்ட ஒட்டோமன் பொதுக்கடன் நிர்வாகத்தின் கைக்குச் சென்றது. அந்நிர்வாகத்தை நடத்தியோர் ஐரோப்பியக் கடன்பத்திரகாரரின் பிரதிநிதிகள். அதன் தலைமையைப் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் மாறிமாறி வகித்தனர். இவ்விடத்திற் சற்றுத் தரித்து நோக்குதல் தகும். பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் தலைமை வகித்த நிர்வாகம் அனதோலியக் குடியானவனின் தானியத்திலிருந்து திரட்டிய பணமே ஜேர்மானியப் பாதைக்கு உத்தரவாதமாயிற்று. வெளிநாட்டமைச்சுகளின் கடிதங்களிற் போட்டியாளராகத் தோன்றுவோர் வரிக் கணக்குப் புத்தகத்திற் பங்காளிகளாகக் காணப்படுகின்றனர்.

லக்சம்பேர்க் இத்தொடர்பைத் தெளிவாகக் கண்டார். தானியம் வரியாகிறது, வரி பணமாகிறது, பணம் உத்தரவாதமாகிக் கடன்பத்திர வட்டியாக ஐரோப்பாவிற்குத் திரும்புகிறது, அத்தானியத்தைத் துறைமுகத்திற்கு ஏற்றிச் செல்வதும் அதே புகையிரதம், தண்டவாளமும் எஞ்சினும் ஜேர்மானியக் கைத்தொழிலின் விற்பனைப் பண்டங்கள். சர்வதேசக் கடன் பற்றிய அவரது அத்தியாயத்தில் எகிப்தும் துருக்கியும் எடுத்துக்காட்டுகளாவது இதனாலேயே. லெனின் 1916 இல் எழுதிய ஏகாதிபத்தியம் பற்றிய நூல் வல்லரசுகளிடையே உலகம் பங்கிடப்படுவதை முதன்மைப்படுத்துகின்றது. லக்சம்பேர்க்கின் அக்கறையோ பங்கிடப்படுபவரின் களஞ்சியத்திற் பதிகின்றது. நம் நாட்டுக் கருத்தரங்குகளில் முன்னைய நூல் பெற்ற கவனத்தில் ஒரு சிறு பகுதியேனும் பின்னைய நூலுக்குக் கிடைத்ததில்லை.

எனினும், லக்சம்பேர்க்கின் சித்திரத்திற் குடியானவன் கொடுப்பவனாக மட்டுமே தோன்றுகின்றான். எதையும் செய்பவனாகத் தோன்றவில்லை. பிற்காலத்தில் டொனால்ட் குவாற்றேட் 1977 இலும் 1983 இலும் வெளியிட்ட ஆய்வுகள் இக்குறையைப் புலப்படுத்துகின்றன. பாதை வந்த பின்னர் உள்நாட்டுத் தானியம் இஸ்தான்புல்லை அடைந்து நகரின் உணவில் முக்கிய இடம்பெற்றது. சந்தையைக் கருதிப் பயிர்செய்கை விரிந்தது. ஒட்டக வண்டித்தொழில் அழிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பும் முழுமையாக நிறைவேறவில்லை; நிலையங்களுக்குப் பண்டம் கொணரும் கிளைப் போக்குவரத்தாக அது தொடர்ந்தது. மேலும், 1908 செப்டெம்பரில் அனதோலியப் புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவ்வாண்டின் புரட்சியாற் பிறந்த அரசாங்கமே அடுத்த மாதம் வேலைநிறுத்தங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைப் பிறப்பித்தது. சுரண்டல் பற்றிய லக்சம்பேர்க்கின் முடிவை இவை பொய்ப்பிக்கவில்லை. ஆனால் அதன் நடுவே உழைத்தும் விற்றும் எதிர்த்தும் வாழ்ந்த மனிதருக்கு அவரது கோட்பாட்டில் இடமில்லாமற் போயிற்று என்பதை மறுத்தலியலாது.

ஏர்லின் நூல் வேறு வகையிற் பயனுடையது. ஜேர்மானிய, பிரித்தானிய இராசதந்திர ஆவணத் தொகுதிகள் முழுமையாக வெளிவருமுன்னரே எழுதப்பட்டதாயினும், அதன் விவரங்கள் வியக்கத்தக்கன. கிலோமீற்றர் உத்தரவாதத்தையும் அவர் கூறாது விடவில்லை. ஆயினும், நூலின் அச்சு அமைச்சர்களின் மேசையைச் சுற்றியே சுழல்கின்றது. அதன் நன்மையும் உண்டு. 1903 ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் அதற்குச் சான்று. அவ்வாண்டில் இலண்டன் வங்கியாளர் பாதையிற் பங்குகொள்ள ஆயத்தமாயிருந்தனர். பிரதமர் பல்போரும் வெளிநாட்டமைச்சர் லான்ஸ்டவுணும் அதனை ஆதரித்தனர். பத்திரிகைகளின் ஆரவாரமும் அமைச்சரவையின் எதிர்ப்பும் எழுந்தன. ஏப்ரல் 23 இற் பல்போர் பின்வாங்கினார். மே 5 இல் லான்ஸ்டவுண், பாரசீக வளைகுடாவில் வேறெந்த வல்லரசும் கடற்படைத் தளமோ அரண்செய்த துறைமுகமோ அமைப்பதை எதிர்ப்பதாகப் பிரபுக்கள் சபையில் அறிவித்தார். பிரான்சிலோ விசித்திரம் இன்னும் மிகுதி. ஒட்டோமன் வங்கியினூடாகப் பிரெஞ்சு முதல் கம்பனியின் பங்குகளில் ஏறத்தாழ 30 வீதத்தைப் பெற்றிருக்க, பிரெஞ்சு அரசு அப்பத்திரங்களைப் பாரிஸ் பங்குச்சந்தையில் விற்க அனுமதி மறுத்தது. மூலதனம் ஒரு வழியும் கொடி வேறொரு வழியும் சென்றமையைக் காட்டும் இப்பகுதியே ஏர்லின் நூலிற் சிறந்தது. வங்கி கட்டளையிட அரசு அடிபணியும் எனச் சூத்திரம் பாடுவோர் இதனைக் கவனித்தல் நலம்.

வர்த்தகம் பற்றியும் ஒரு குறிப்பு வேண்டும். தன் பாதைக்குரிய செலவிற் பெரும்பகுதியைச் சுங்கவரியை உயர்த்திச் சமாளிக்க ஒட்டோமன் அரசு விரும்பியது. ஆனால் எட்டு வீதமாயிருந்த இறக்குமதித் தீர்வையைக் கூட்டுவதற்குக்கூட வல்லரசுகளின் சம்மதம் தேவைப்பட்டது. பழைய சலுகை ஒப்பந்தங்கள் அவ்வாறு கட்டியிருந்தன. 1907 இல் அது 11 வீதமாக உயர்ந்தபோதும், கூடிய வருமானத்தை எதற்குச் செலவிடலாம் என்பதை வல்லரசுகளே வரையறுத்தன. சுல்தான் அப்துல் ஹமீதைக் கையாலாகாத பொம்மையெனக் கொள்வதும் சரியன்று. படைகளை விரைந்து நகர்த்தவும் தொலைமாகாணங்களில் வரி திரட்டவும் அவருக்குப் பாதை வேண்டியிருந்தது. வல்லரசுகளை ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தும் திறனும் அவருக்கிருந்தது. எனினும், தன் நாட்டுத் துறைமுகத்தில் இறங்கும் துணிக்கு எவ்வளவு தீர்வை என்பதைத் தானே நிர்ணயிக்கவியலாத அரசின் சாதுரியத்திற்கு எல்லையொன்று உண்டன்றோ!

1914 இன் உடன்பாட்டில் யாருக்கு என்ன கிடைத்தது என்பதும் அறியத்தக்கது. பாதை பஸ்ராவுடன் நின்றுவிடும், வளைகுடாவரை நீளாது. கம்பனியின் நிர்வாக சபையில் இரு பிரித்தானியர் அமர்வர். 1899 இலிருந்தே இரகசிய உடன்படிக்கையாற் பிணைக்கப்பட்டிருந்த குவைத் பிரித்தானியாவின் செல்வாக்கில் நீடிக்கும். தைகிரிஸ் நதிக் கப்பற் போக்குவரத்தில் லிஞ்ச் கம்பனியின் நலன் பேணப்படும். பாதையின் இருமருங்கும் 20 கிலோமீற்றர் அகலத்தில் கனிய உரிமையை 1903 உடன்படிக்கை கம்பனிக்கு வழங்கியிருந்தது. எண்ணெய் பற்றிய பேச்சுக்களில் டொய்ச்ச வங்கிக்கு இதுவே பிடிமானமாயிற்று. 1914 மார்ச்சில் துருக்கிய பெற்றோலியக் கம்பனியின் பங்குகள் பகிரப்பட்டபோது, பாதி ஆங்கிலோ-பாரசீகக் குழுவிற்கும் கால்வாசி டொய்ச்ச வங்கிக்கும் கால்வாசி ஷெல் குழுவிற்கும் சென்றன. 1920 இல் சான் ரெமோவில் ஜேர்மானியரின் கால்வாசி பிரான்சிற்குக் கைமாறியது. 1923 ஏப்ரலில் அங்காராவின் தேசிய சபை அமெரிக்கரான செஸ்ரரின் குழுவிற்கு வழங்கிய புகையிரதச் சலுகையிலும் அதே 20 கிலோமீற்றர் கனிய உரிமை மீண்டும் தலைகாட்டியது. அவ்வாண்டு முடியுமுன்னரே அச்சலுகை இரத்தாயிற்று.

பாதையோ 1914 இல் தோரஸ், அமானுஸ் மலைகளிடையே துண்டுபட்டுக் கிடந்தது. போர்க்காலத்தில் அமானுஸ் சுரங்கங்களில் உழைத்த ஆர்மேனியர் 1916 இல் அங்கிருந்தும் நாடுகடத்தப்பட்டனர். ஏர்லின் நூல் வெளிவந்து பதினேழு ஆண்டுகளின் பின்னர், 1940 ஜூலையிலேயே பக்தாத் வரை தண்டவாளம் தொடர்ச்சியாக முழுமை பெற்றது. ஆனால் கடன் பாதைக்காகக் காத்திருக்கவில்லை. 1923 இன் லோசான் உடன்படிக்கை ஒட்டோமன் கடனை வாரிசு நாடுகளிடையே பங்கிட்டபோது, பக்தாத் பாதைக்கென வெளியிடப்பட்ட கடன்பத்திரங்களும் அப்பட்டியலில் இடம்பெற்றன. துருக்கியின் பங்கிற்குரிய இறுதிக் கொடுப்பனவு 1954 இலேயே செலுத்தி முடிக்கப்பட்டது.