சட்டம் ஊட்டி வளர்க்கும் படிப்பு

போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான பொருள்களைக் கையாளும் ஆலைகளில் தொழிலாளரின் உடல்நலத்தைக் கவனிக்கத் தகுதியுள்ள மருத்துவர் வேண்டும் என்றானது. அந்தத் தகுதிக்காக எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் சேர்வதுதான் ஏ.எஃப்.ஐ.ஹெச். என்ற மூன்று மாதப் பயிற்சி. சென்னை தரமணியிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனமும் அதை நடத்துகிறது. நம் நாட்டின் தொழில்சார் மருத்துவக் கல்வியில் ஆள் சேருமா என்ற கவலையில்லாமல் ஓடுவது இதுதான். சான்றிதழ் இல்லாத மருத்துவரை வைத்தால் ஆலைக்குச் சிக்கல். அதனால் மாணவர்கள் வருகிறார்கள். ஆனால் தூசியை அளப்பது, இரைச்சல், நச்சியல், இடுப்புவலி வரை மூன்று மாதத்தில் எவ்வளவு சொல்லித்தர முடியும்? சட்டம் கேட்பது சான்றிதழை. படிப்பும் அதற்கு மேல் வளரவில்லை.

போரூர் ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் எம்.எஸ்சி. தொழிலகச் சுகாதாரம், பாதுகாப்புப் படிப்பு வேறு வகை. ஆராய்ச்சிக்கூடம் முன்னே நிற்க, வகுப்பறை அதன் நிழலில் வளர்ந்தது. அந்நிறுவனம் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பாவதைக் காட்டியது. வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் போய் அளந்த பாடம் அது, புத்தகத்தில் கிடைக்காது. குறை வேறிடத்தில். இங்கே படித்தவரை யார் வேலைக்கு எடுப்பார்? கார் ஆலை, ரசாயன ஆலை, வளைகுடா நிறுவனம். சூளைக்காரரோ கல்குவாரி முதலாளியோ எடுக்கப்போவதில்லை. சம்பளம் இருக்கும் பக்கம் படிப்பு போகிறது. நோய் இருக்கும் பக்கம் போகவில்லை.

நோய் இருக்கும் பக்கத்தைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் பார்க்கலாம். செய்யாறு சிப்காட்டில் ஷூ தைக்கும் பெண்கள், ஆரணியில் பட்டுத்தறிக் குழியில் கால் தொங்கவிட்டு உட்காரும் நெசவாளர்கள், குவாரித் தூசி, பௌர்ணமி கிரிவலம் முடிந்த விடியலில் 14 கிலோமீட்டர் குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர்கள். இவர்களில் சட்டத்தின் ஆலைக்குள் வருவது முதல் கூட்டம் மட்டுமே. தமிழக அரசின் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ 2024-இல் வந்தது, நல்ல திட்டம். ஆனால் அது தேடுவது சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும். கல் உடைப்பவரின் நுரையீரலில் படிந்த சிலிக்காவைத் தேட அதற்குத் தெரியாது. காசநோய் என்று மருந்து தரப்படும் இருமல்களில் சிலிக்கோசிஸ் எத்தனை என்று கேட்க ஆளில்லை. நோயாளியிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கேள் என 1700-இலேயே இத்தாலிய மருத்துவர் ரமாட்சினி எழுதிவிட்டார்.

ஜப்பானில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமெல்லாம் தொழில்சார் மருத்துவரை வைத்தாக வேண்டும். அவர்களை உருவாக்கவே 1978-இல் கித்தாக்யூஷுவில் தனிப் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். வேலையும் படிப்பும் ஒன்றையொன்று தாங்கின. நம்மிடம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையிலுள்ள புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு ஆண்டுதோறும் இலவச உடற்பரிசோதனை என்கிறது. படிப்புக்கு நல்ல செய்தி. அதே தொகுப்பு, மின்சாரம் பயன்படுத்தும் ஆலை என்பதற்கான ஆள் கணக்கை 10-லிருந்து 20 ஆக்கியது. ஒரு கையால் கொடுத்து மறுகையால் வாங்கிக்கொண்டார்கள்.

ஆகவே மாவட்டந்தோறும் புதிய பட்டம் தொடங்கலாமே என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். வேலை இல்லாத பட்டம் இரண்டு ஆண்டில் காலி இருக்கையாகும். 2013-இல் தொடங்கிய திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி, முதலில் தன் பயிற்சி மருத்துவர்களைச் சில வாரம் குவாரிக்கும் தறிக்கூடத்துக்கும் அனுப்பட்டும். கிராமச் செவிலியர்களுக்கு ஒரு சான்றிதழ் வகுப்பு நடத்தட்டும். சொல்லித்தரத் தரமணியிலும் போரூரிலும் ஆள் இருக்கிறார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கென ஒரு பணியிடம் உருவாக்கட்டும். பட்டப்படிப்பை அதற்குப் பிறகு தொடங்கலாம்.