மூன்று மொழி, ஒரே தராசு

"வீட்ல தமிழ், கடையில மலாய், டிவியில இங்கிலீஷ். எதுவும் உருப்படியா வரல டீச்சர்." புக்கிட் செலம்பாவ் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி இந்தப் பேச்சைக் கேட்காத ஆசிரியர் இருக்கமாட்டார். தேர்வுக் கட்டுரை எழுதும் மாணவர்கள் இதற்குச் சார்பாக ஓர் ஆய்வையும் எதிராக ஓர் ஆய்வையும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இரண்டையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும்.

1923-இல் டி. ஜே. சேர், வேல்ஸில் சுமார் 1,400 பிள்ளைகளைச் சோதித்து, இருமொழிப் பிள்ளைகள் அறிவுத்திறனில் பின்தங்குகிறார்கள் என்றார். ஆனால், அவர் கணக்கிலேயே பின்தங்கியவர்கள் கிராமத்துப் பிள்ளைகள். நகரத்தில் அந்த வேறுபாடு இல்லை. மொழிதான் காரணம் என்றால் நகரத்திலும் தெரிந்திருக்க வேண்டாமா? எனக்கு லயத்து வீடுகள்தான் ஞாபகம் வந்தன. விடியுமுன்னே பால்வெட்டுக்குப் போகும் அம்மா அப்பா, கதைப்புத்தகம் இல்லாத வீடு. பழி மட்டும் மொழி மேல்.

1962-இல் பீலும் லாம்பெர்ட்டும் மொன்றியலில் 10 வதுப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது இருமொழியினரே மேலாக நின்றார்கள். நம்மவர் ஆசையாக எடுத்துக்காட்டுவது இதைத்தான். ஆனால், 364 பேரில் ஒப்பிட்டது 164 பேரை மட்டுமே. இரண்டாம் மொழி அரைகுறையாக வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். நம் வகுப்பில் கடைசி வரிசையில் இருப்பவன் அந்தக் கணக்கிலேயே இல்லை. அப்புறம் எப்படி அதை வைத்து அடித்துப் பேசுவது?

எனக்கு அதிகம் உதவியது மயாமியில் பியர்சன் குழுவினர் 1993-இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் குறைவாகத் தோன்றும் சொல்வளம், இரு மொழியிலும் சேர்த்து எண்ணியபோது ஒருமொழிப் பிள்ளைகளுக்கு இணையாக வந்தது.

நாம் என்ன செய்கிறோம்? குடைப் படத்தைக் காட்டினால் ஒரு பிள்ளை "பாயோங்" என்கிறது. சுழியம் போடுகிறோம். பொருள் தெரியும், எதற்கு என்றும் தெரியும். இல்லாதது 'குடை' என்ற ஒரு சொல். அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். நாம் எழுதுவதோ 'மொழி வளர்ச்சி குன்றிய மாணவர்'. நானும் அப்படி எழுதியவன்தான்.

மூன்று மொழியிலும் சொல் வராத பிள்ளை வேறு. "பல மொழி கேக்குது, போகப் போகச் சரியாயிரும்" என்று அந்தப் பிள்ளையை விட்டுவிடக் கூடாது. முதலில் காது கேட்கிறதா என்று மருத்துவமனையில் பார்க்கச் சொல்லுங்கள். "வீட்ல தமிழ் பேசாதீங்க" என்று மட்டும் பெற்றோரிடம் சொல்லிவிடாதீர்கள்.