பெருநாள் சட்டியும் தய்யிப் என்னும் சொல்லும்

உணவைக் குறித்துத் திருமறை கட்டளையிடும் இடங்கள் பலவற்றில் ஹலால் என்னும் சொல் தனித்து வருவதில்லை. தய்யிப் என்னும் சொல்லும் அதனோடு சேர்ந்தே வருகிறது. அல்பகராவின் 168ஆம் வசனம், அல்மாஇதாவின் 88ஆம் வசனம், அந்நஹ்லின் 114ஆம் வசனம் ஆகிய மூன்றும் இதற்குச் சான்று. முன்னது ஆகுமானது என்பதைக் குறிக்கும். பின்னது தூயது, நலம் பயப்பது, மனம் ஒப்புவது என்னும் பொருள்களை ஒருசேரத் தரும். ஹலாலுக்கு வலுவூட்ட வந்த சொல்லாகவே அதைக் கொண்ட இமாம்களும் உண்டு. உடலுக்கும் அறிவுக்கும் தீங்கிழைக்காதது என்று அதற்குத் தனிப்பொருள் கண்ட இப்னு கஸீர் போன்ற விரிவுரையாளர்களும் உண்டு. எவ்வாறாயினும், இறைவன் இணைத்துச் சொன்ன இரண்டில் ஒன்றை மட்டுமே நம் அடுக்களைகள் இன்று கேட்டுப் பழகியிருக்கின்றன. பெருநாள் சமையலை முன்வைத்து, குறிப்பாக இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கடற்கரையின் சமையலை முன்வைத்து, மற்றச் சொல்லுக்கு நேர்ந்த கதியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடந்த கால் நூற்றாண்டில் ஹலால் குறித்துத் தமிழில் எழுதப்பட்டவையும் பயான்களில் பேசப்பட்டவையும் பெரும்பாலும் இரண்டு பொருள்களையே சுற்றி வருகின்றன. ஒன்று அறுப்பு, மற்றொன்று பொட்டலம். கோழிக்கடையில் பிஸ்மில்லாஹ் சொல்லப்பட்டதா என்பது முதற்கேள்வி. பிஸ்கட்டிலும் மிட்டாயிலும் இ 120, இ 441, இ 471 ஆகிய எண்கள் உள்ளனவா என்பது அடுத்த கேள்வி. இவற்றுள் முதலாவது ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கப்படும் செந்நிறம்; இரண்டாவது ஜெலட்டின்; மூன்றாவது விலங்குக் கொழுப்பிலிருந்தும் தாவர எண்ணெயிலிருந்தும் செய்யப்படக்கூடிய பொருள். இவற்றை அறிந்துகொள்ள முற்பட்டது நம் சமுதாயத்தின் விழிப்பையே காட்டுகிறது. சைவ, அசைவப் பொருள்களை வேறுபடுத்தும் குறிகளைப் பொட்டலங்களில் இட வேண்டும் என்னும் விதி 2001இல் வந்தபின், பச்சைக் குறியைப் பார்த்து வாங்கும் பழக்கம் முஸ்லிம் வீடுகளிலும் பரவியது. ஹலால் சான்றளிக்கும் நிறுவனங்கள் சென்னையிலும் தில்லியிலும் தோன்றின. 2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு ஹலால் சான்று பெற்ற உணவுப் பொருள்களின் விற்பனைக்குத் தடை விதித்தபோது, உண்பதைத் தெரிந்துண்ணும் உரிமையே கேள்விக்குள்ளாயிற்று. அந்த உரிமையை நாம் விட்டுக்கொடுப்பதற்கில்லை.

ஆயினும், சான்று முத்திரை நம் சிந்தனையின் எல்லையாக மாறிவிட்டதைச் சொல்லியாக வேண்டும். முத்திரை இருந்தால் கேள்வி முடிந்தது; இல்லையேல் ஐயம் தொடங்குகிறது. வீட்டில் சமைப்பவரின் அறிவுக்கும் விசாரிப்புக்கும் முன்பிருந்த இடம் இதனால் சுருங்கிவிட்டது.

கடல்பாசியை எடுத்துக்கொள்வோம். நோன்பு மாதத்திலும் பெருநாளன்றும் தமிழ் முஸ்லிம் வீடுகளில் தட்டுகளில் ஊற்றி வைக்கப்படும் இனிப்பு அது. பாசியை ஊறவைத்து, நன்கு கரையும்வரை காய்ச்சி, வடிகட்டி, பாலும் சர்க்கரையும் சேர்த்து ஆறவைத்தால் தானே உறைந்துவிடும். பிறகு சாய்சதுரத் துண்டுகளாக வெட்டிப் பரிமாறுவர். ரோஜா நிறத்தில் ஓர் அடுக்கும் பால் வெண்மையில் ஓர் அடுக்குமாகச் செய்வது கைத்திறனுக்குச் சான்று. இதன் மூலப்பொருள் கடலில் விளையும் செம்பாசி. உலகம் வழங்கும் அகர் அகர் என்னும் பெயர் மலாய் மொழியினது. நம் கடற்கரை மரக்கலங்கள் கீழைக்கடல் நாடுகளோடு கொண்டிருந்த நெடிய உறவை நினைவூட்டும் சொல் அது. மன்னார் வளைகுடாவில் முகக்கண்ணாடி அணிந்து மூழ்கிப் பாசி பறிக்கும் இராமேசுவரம், பாம்பன் பகுதிப் பெண்களின் உழைப்பும் இத்தொழிலுக்குள் இருக்கிறது. எந்த மத்ஹபின்படியும் ஐயத்துக்கு இடமில்லாத உணவு இது. பின்னர் ஜெலட்டின் பொட்டலம் கடைக்கு வந்தது. அது எந்த விலங்கின் எலும்பு, எவ்வாறு அறுக்கப்பட்டது என்னும் கேள்விகள் எழுந்தன. அவற்றுக்கு விடையாக ஹலால் ஜெலட்டின் வந்தது. அதற்கு முத்திரையும் வந்தது. தொடக்கத்திலேயே ஐயமற்றிருந்த ஒன்றைக் கைவிட்டு, ஐயத்துக்குரியதை வாங்கி, அந்த ஐயத்தைத் தீர்க்கச் சான்றும் தேடும் இந்தச் சுற்றுவழியை முன்னேற்றம் என்று கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

இனி வடசென்னைக்கு வருவோம். இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மஹல்லாக்களில் தமிழ் பேசுவோரும் உருது பேசுவோரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். ஷாஃபிஈகளும் ஹனஃபீகளும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுகின்றனர். பெருநாள் காலையில் ஒரு வீட்டில் ஷீர் குருமா கொதிக்கும். அடுத்த வீட்டில் கடல்பாசி உறைந்துகொண்டிருக்கும். நண்பகல் பிரியாணியில் ஒருவருக்குச் சீரகச் சம்பா, மற்றவருக்கு பாஸ்மதி. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் கூப்பிடு தொலைவில் இருப்பதால் இறைச்சியோடு மீன் ஆணமும் இறால் வறுவலும் பெருநாள் விரிப்பில் இடம்பெறுவது இப்பகுதிக்கு இயல்பு.

இறாலை வைத்து நம் அறிஞர்கள் நடத்திய விவாதம் சுவையானது. கடலில் பிடிக்கப்படுவது ஆகும் என்னும் பொதுவான அனுமதி அல்மாஇதாவின் 96ஆம் வசனத்தில் உள்ளது. கடலில் மட்டுமே வாழ்பவை அனைத்தும் ஆகும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பொதுநிலை. நீரிலும் நிலத்திலும் வாழும் நண்டை இமாம் நவவீயின் மின்ஹாஜ் விலக்குகிறது. ஹனஃபீகளோ மீன் இனத்தை மட்டுமே ஏற்பர். எனவே இறால் மீனா, அன்றா என்னும் கேள்வி அவர்களிடையே நீண்டது. தமீரீ தம் ‘ஹயாத்துல் ஹயவான்’ நூலில் அதைச் சிறிய மீன் வகையாகச் சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டி ஆகும் என்றனர் ஒரு சாரார். விலங்கியல் வகைப்பாட்டைக் காட்டி மறுத்தனர் மற்றொரு சாரார். ஒரு சிற்றுயிரின் இனத்தை உறுதிசெய்ய அகராதியும் விலங்கு நூலும் புரட்டிய மரபு நம்முடையது. ஆனால் அந்த இறால் எந்த நீரில் வளர்ந்தது என்னும் கேள்வியை அந்த மரபின் வாரிசுகளாகிய நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை.

எண்ணூரில் அந்தக் கேள்வியைத் தவிர்க்க இயலாது. கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கடலோடு கலக்கும் கழிமுகம் அது. இறாலும் மடவையும் நண்டும் பெருகிய அக்கழியை நம்பிக் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் முதலிய மீனவ ஊர்களும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் வாழ்ந்து வந்தனர். அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் குழம்பைக் கொண்டுசெல்லும் குழாய்கள் பல ஆண்டுகளாகக் கசிந்து கழியைத் தூர்த்தன. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் திரண்ட கசடை மனிதர்கள் வாளிகளால் அள்ளிய காட்சியை நாடே கண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கழிக்குள் பாய்ந்தது. படகும் வலையும் வீட்டுச் சுவர்களும் கருத்தன. அதே மாதம் 26ஆம் நாள் இரவில் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து ஓட நேர்ந்தது. தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றுவது மனிதரின் கைகள் தேடிக்கொண்டதால்தான் என்னும் கருத்தை அர்ரூம் அத்தியாயத்தின் 41ஆம் வசனத்தில் ஓதி வருகிறோம். அதன் விரிவுரை திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலேயே எழுதப்பட்டுக் கிடக்கிறது.

உயிரினம் ஆகுமானதாயினும் அது வாழ்ந்த இடமும் தின்ற தீனியும் அதன் இறைச்சியைக் கெடுக்கக்கூடும் என்னும் எண்ணம் ஃபிக்ஹுக்குப் புதிதன்று. மலத்தையும் அசுத்தத்தையும் தின்று வளரும் பிராணிக்கு ஜல்லாலா என்று பெயர். அதன் இறைச்சியையும் பாலையும் உண்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) வழியாக அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்திருக்கின்றனர். அத்தகைய கோழியை மூன்று நாள் அடைத்துவைத்துத் தூய தீனி கொடுத்த பின்னரே அவர் உண்டார் என்னும் செய்தியும் உண்டு. தடை ஹராமா மக்ரூஹா, அடைத்துவைக்கும் காலம் எவ்வளவு என்பவற்றில் மத்ஹபுகள் வேறுபடும். ஆனால் அறுக்கும் கத்திக்கு முன்பே உணவின் தூய்மை தொடங்குகிறது என்பதில் வேறுபாடில்லை. எண்ணெயும் சாம்பலும் கலந்த கழியின் மீனுக்கு இவ்விதியை நேரே பொருத்தி ஃபத்வா வழங்குவது நம் வேலையன்று. அது ஆலிம்களின் பொறுப்பு. இப்படியொரு கேள்வியை எழுப்ப நம் மரபிலேயே சொல்லும் முறையும் இருக்கின்றன என்பதை நினைவூட்டுவது மட்டுமே நம் வேலை. இமாம் கஸ்ஸாலீயின் ‘இஹ்யா’வில் ஹலால், ஹராம் பற்றிய பகுதியைத் திறப்போர், பொருள் எந்த வழியில் கைக்கு வந்தது என்பதைக் குறித்தே அவர் மிகுதியாகப் பேசுவதைக் காண்பர். பேணுதலை அவர் நான்கு படிகளாக வகுத்தார்; சட்டத்தின் பிடியிலிருந்து தப்புவது அவற்றுள் முதற்படி மட்டுமே.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும், இரண்டும் மதிக்கத்தக்கவை. மார்க்கம் எளிமையானது, அடுப்பெரிக்கும் பெண்ணிடம் ஆற்றின் நீரையும் ஆராய்ந்து வா என்பது தாங்கவொண்ணாச் சுமை என்பது முதலாவது. நாம் இப்படி எழுதினால் மீன் விற்பனை சரியும், பட்டினி கிடப்பது ஆலை முதலாளியல்லர், மீனவரே என்பது இரண்டாவது. 2017இல் எண்ணெய் கொட்டியபோது, ஆழ்கடலில் பிடித்து வந்த காசிமேட்டு மீனைக்கூட மக்கள் வாங்கத் தயங்கியதை மறப்பதற்கில்லை. தய்யிப் என்பதைக் கடையில் பொறுக்கி வாங்கும் வாய்ப்பாக மட்டும் புரிந்துகொண்டால் இவ்விரு மறுப்புகளுக்கும் விடையில்லை. வசதியுள்ளவர் வேறு மீனுக்குப் போவார். வசதியற்றவர் அதே கழியின் இறாலைக் குறைந்த விலைக்கு வாங்கி உண்பார். இருளப் பெண்ணின் கூடை விற்காமல் திரும்பும். அப்படிப்பட்ட தூய்மை இன்னொருவரின் இழப்பில் வாங்கப்பட்டதாகும்.

அல்பகராவின் 168ஆம் வசனம் நம்பிக்கையாளரை மட்டும் விளிக்கவில்லை; மனிதர்களே என்றே அழைக்கிறது. அப்படியானால் தூய உணவு முஸ்லிமின் தனிச்சலுகையாக இருக்க முடியாது. கழியைக் காக்கக் கோரும் மீனவரின் வழக்கும் மறியலும் நம் பெருநாள் விரிப்பைப் பற்றியவையும்கூட. ஜுமுஆ மேடையில் ஜெலட்டினுக்கு ஒதுக்கப்படும் நேரத்தில் ஒரு பகுதி எண்ணூருக்கும் ஒதுக்கப்படலாம். மீனையும் நீரையும் ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவை அறிவிப்பது, தனியொரு வீட்டுக்கு இயலாவிடினும், பல ஜமாஅத்துகள் கூடினால் இயலும். ஐந்து வேளையும் அதே காற்றில் கூடித் தொழுவோருக்கு இது அரசியல் என்று ஒதுங்கிக்கொள்ள வழியில்லை. துறைமுகமும் ஆலைகளும் நம்மவர் பலருக்கும் ஊதியம் தருகின்றன என்பது உண்மை. அந்த ஊதியத்தின் தூய்மையைக் கருதியேனும், கழிவைச் சட்டப்படி அகற்றுங்கள் என்று கேட்க வேண்டியவர்களுள் நாமும் உளோம்.

வீட்டுக்குள் செய்யக்கூடியவை எளியவை. பிரியாணியில் செயற்கை நிறம் கலப்பதை நாட்டின் உணவுச் சட்டமே அனுமதிப்பதில்லை; ஆயினும் பெருநாள் தேக்சாவில் கேசரித் தூள் தயக்கமின்றி விழுகிறது. ஹலால் இறைச்சியின்மீது அதைத் தூவும் கை, இறைவன் சேர்த்துச் சொன்ன இரண்டைத் தானே பிரித்துவிடுகிறது. குங்குமப்பூவுக்கு வசதியில்லையெனில் நிறமின்றியே சோறு மணக்கும். கடல்பாசிக்கு ஜெலட்டின் வேண்டியதில்லை. மீன்காரம்மாவிடம் இது ஆழ்கடல் மீனா, கழி மீனா என்று கேட்டு வாங்குவதும், பெருநாளன்று அவரிடம் பத்து ரூபாய்க்கு வாதாடாமல் இருப்பதும் அந்தச் சொல்லுக்குள் அடங்குபவையே. எவரும் பசித்திருக்கக் கூடாதென்று தொழுகைக்கு முன்பே ஃபித்ராவைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில், அண்டை வீட்டாரின் சட்டியையும் சேர்த்தே நம் சட்டியின் தூய்மை அளக்கப்படும்.

இறைவன் தூயவன், தூயதையே ஏற்பான் என்னும் கருத்துடைய நபிமொழி முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது. நெடும்பயணத்தால் தலை கலைந்து, புழுதி படிந்து, வானை நோக்கிக் கையேந்தும் ஒருவனின் உணவும் உடையும் ஹராமாயிருக்க, அவன் துஆ எவ்வாறு ஏற்கப்படும் என்னும் வினாவோடு அது முடிகிறது. பெருநாள் தொழுகை முடித்து ஏந்தும் நம் கைகளுக்கும் அந்த வினா உரியது. அறுப்பைப் பற்றி அதற்கு விடை சொல்ல நாம் பழகிவிட்டோம். நீரைப் பற்றிச் சொல்ல இனித்தான் தொடங்க வேண்டும்.